வெள்ளணுக்கள் புண்ணை நாடிச் செல்வது எவ்வாறு?

வெறுங்காலுடன் நடப்பவரின் பாதத்தில் முள் தைத்துவிடுகின்றது. முள்ளைப் பிடுங்கி எறிந்த பின்னரும் சில மணி நேரத்தில் அவ்விடம் சிவக்கின்றது, வீங்குகின்றது, தொட்டால் சுடுகின்றது, வலிக்கின்றது. இந்நான்கு குறிகளையும் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சஸ் என்னும் ரோமானிய ஆசிரியர் தம் மருத்துவ நூலில் தொகுத்துக் கூறியுள்ளார். இவை ஒருங்கே தோன்றும் நிலைக்கு அழற்சி என்று பெயர். ஓரிரு நாட்கள் கழிந்தால் முள் தைத்த இடத்தில் சீழ் கட்டுவதும் உண்டு. சீழ் என்பது பெரும்பாலும் கிருமிகளோடு போரிட்டு மடிந்த இரத்த வெள்ளணுக்களின் குவியலேயாகும்.

சீழ் கட்டாத புண்ணே நல்ல புண் என்று எண்ணுவது மக்கள் இயல்பு. ஆயினும் மிக அரிதாகச் சில குழந்தைகள் பிறக்கின்றன. அவற்றின் உடலில் எத்தனை கிருமிகள் புகுந்தாலும் புண்ணில் சீழ் தோன்றுவதில்லை, புண் ஆறுவதுமில்லை. அக்குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தால் வெள்ளணுக்கள் குறைவாக இருப்பதில்லை. மாறாக அளவுக்கு மீறிக் காணப்படுகின்றன. படை பெருகியிருக்கின்றது, ஆனால் போர்க்களத்தில் ஒரு வீரனும் இல்லை. இந்தப் புதிருக்கு விடை கண்டபோதுதான், வெள்ளணு ஒன்று இரத்த ஓட்டத்திலிருந்து விலகிப் புண்ணைச் சென்றடையும் வழி முழுமையாகப் புலனாயிற்று. அவ்வழியின் ஒவ்வொரு படியிலும் காவல் நிற்பவை ஏற்பிகள் எனப்படும் புரத மூலக்கூறுகள். அவற்றின் செயலை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய கேள்வி

வெள்ளணுக்கள் இரத்தக் குழலை விட்டு வெளியேறுகின்றன என்பதை டூட்ரோஷே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1824-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். எனினும் அது பலருடைய கவனத்தை ஈர்க்கவில்லை. 1867-இல் ஜெர்மானிய மருத்துவ அறிஞரான ஜூலியஸ் கோன்ஹைம், உயிருள்ள தவளையின் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை உருப்பெருக்கியின்கீழ் விரித்து வைத்து நெடுநேரம் உற்று நோக்கினார். நுண்ணிய சிரைகளில் இரத்தம் விரைந்து ஓடுகையில், வெள்ளணுக்கள் மட்டும் ஓரமாக ஒதுங்கின. சுவரை ஒட்டி மெல்ல நகர்ந்தன. பின்பு அசையாமல் நின்றன. சிறிது நேரத்தில் குழலின் வெளிப்புறத்தில் சிறு மொட்டுப் போன்றதொன்று தோன்றிற்று. மொட்டு பெருத்தது, உள்ளே நின்ற அணு சிறுத்தது. முடிவில் முழு அணுவும் வெளியே வந்து சேர்ந்தது.

இதற்குக் காரணம் குழற்சுவரில் ஏற்படும் மாறுதலே என்று கோன்ஹைம் கருதினார். ரஷ்ய நாட்டில் பிறந்த எலீ மெச்னிகாவ் வேறு வகையில் சிந்தித்தார். அவர் 1882-இல் சிசிலித் தீவிலுள்ள மெஸ்ஸினா நகரில் நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற இளம் உயிரிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவற்றுள் சில ரோஜா முட்களைச் செருகி வைத்து, மறுநாட் காலையில் பார்த்தபோது, நகரும் தன்மையுள்ள உயிரணுக்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. அந்த உயிரிக்கு இரத்தக் குழல்களே இல்லை. ஆதலின் உயிரணுக்கள் தாமே பகையை நாடிச் செல்கின்றன என்று அவர் முடிவு செய்தார்.

சுவர் அழைக்கின்றதா, அணு தானாகச் செல்கின்றதா என்பதே அக்காலத்திய கேள்வி. மெச்னிகாவும், ஏற்பி என்னும் கருத்தை வகுத்தவர்களுள் ஒருவரான பால் எர்லிக்கும் 1908-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். வெள்ளணுவை ஆராய்ந்தவரும் ஏற்பியைக் கற்பனை செய்தவரும் ஒரே மேடையில் நின்றனர். ஆயினும் அவ்விருவரின் கருத்துக்களும் ஒன்றாக இணைய மேலும் முக்கால் நூற்றாண்டு பிடித்தது.

ஏற்பி என்பது யாது?

ஒவ்வோர் உயிரணுவையும் கொழுப்பாலான மெல்லிய உறை மூடியுள்ளது. அவ்வுறையில் ஆயிரக்கணக்கான புரத மூலக்கூறுகள் பதிந்துள்ளன. அவற்றுள் சில, வெளியிலிருந்து வரும் குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் இனங்கண்டு பற்றிக்கொள்ளும் அமைப்புடையவை. பூட்டிற்கேற்ற திறவுகோல் பொருந்துவது போன்றே இவையும் பொருந்துகின்றன. பொருந்திய உடனே புரதத்தின் வடிவம் சிறிது மாறுகின்றது. அம்மாற்றம் உறைக்கு உட்புறமுள்ள பகுதிக்கும் எட்டி, அணுவின் நடத்தையை மாற்றுகின்றது. இத்தகைய புரதமே ஏற்பி எனப்படும்.

உட்சுவரின் மேல் பாவுகல் போலப் பரவியிருக்கும் உயிரணுக்களுக்கும் ஏற்பிகள் உண்டு, வெள்ளணுவுக்கும் உண்டு. ஆதலின் கோன்ஹைம், மெச்னிகாவ் ஆகிய இருவர் கூறியதும் உண்மையே. சுவரும் அணுவும் ஒன்றையொன்று இனங்கண்டு கொண்டாலன்றிக் கதவு திறவாது.

முதல் எச்சரிக்கை

தோலின் அடியில், கிருமி புகுவதற்கு முன்பிருந்தே காவல் புரியும் உயிரணுக்கள் உள்ளன. பெருவிழுங்கணுக்கள், ஹிஸ்டமின் என்னும் பொருளைச் சேமித்து வைத்திருக்கும் மாஸ்ட் அணுக்கள் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. பாக்டீரியங்களின் உறையில் மட்டும் காணப்படும் சில பொருள்களை அறியும் ஏற்பிகள் இவற்றின் மேல் உள்ளன. டோல் என்னும் ஏற்பி பழ ஈயைக் காளான் நோயினின்று காப்பதை ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர் 1996-இல் கண்டனர். அதையொத்த ஏற்பியொன்று சுண்டெலியில் பாக்டீரிய நஞ்சை உணர்வதை 1998-இல் புரூஸ் பாய்ட்லர் குழுவினர் காட்டினர். இவ்விருவருக்கும் 2011-இல் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. மனித உடலில் இவ்வகை ஏற்பிகள் பத்து உள்ளன.

எச்சரிக்கை பெற்ற காவலணுக்கள் இரு வகையான செய்திகளை வெளியிடுகின்றன. மாஸ்ட் அணு உமிழும் ஹிஸ்டமின் சில நிமிடங்களில் வேலை செய்கின்றது. குழல்கள் விரிந்து இரத்தம் மிகுதியாகப் பாய்வதால் சிவப்பும் சூடும் உண்டாகின்றன. சுவர் நெகிழ்ந்து நீர் கசிவதால் வீக்கம் தோன்றுகின்றது. பெருவிழுங்கணு வெளியிடும் இன்டர்லியூக்கின்-1, டி.என்.எஃப். முதலிய புரதங்கள் சில மணி நேரத்தில் பயன் தருகின்றன. இவற்றை ஏற்கும் ஏற்பிகள் சுவரணுக்களின் மேல் உள்ளன. செய்தி கிடைத்ததும் சுவரணு தன் முகத்தையே மாற்றிக்கொள்கின்றது. அதுவரை வழவழப்பாக இருந்த உட்புறத்தில் புதிய பிடிகள் முளைக்கின்றன.

முதற்படி: உருளுதல்

மனித இரத்தத்தின் ஒரு கன மில்லி மீட்டரில் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் உள்ளன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை நியூட்ரோபில் என்னும் வகையைச் சேர்ந்தவை. எலும்பு மஜ்ஜை நாள்தோறும் ஏறக்குறைய பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களை உண்டாக்குகின்றது. அழற்சியுற்ற இடத்திற்கு முதலில் வந்து சேருபவையும் இவையே.

நுண்சிரையில் ஓடும் இரத்தம் ஒரு வினாடியில் பல நூறு மைக்ரான் தூரத்தைக் கடக்கின்றது. ஒரு மைக்ரான் என்பது மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த வேகத்தில் அடித்துச் செல்லப்படும் அணு, தன் உருவத்தைப் போல் பன்மடங்கு தூரத்தை ஒரே வினாடியில் தாண்டிவிடுகின்றது. அது எவ்வாறு நிற்பது? ஆற்று வெள்ளத்தில் சிக்கியவன் கரையோரக் கோரைப் புல்லைப் பற்றுகின்றான், புல் பிய்கின்றது, அடுத்ததைப் பற்றுகின்றான், அதுவும் பிய்கின்றது. ஆயினும் ஒவ்வொரு பிடியிலும் அவன் வேகம் தணிகின்றது. வெள்ளணுவின் முதற்படியும் இத்தகையதே.

இக்கோரைப் புல்லாக அமைபவை செலெக்ட்டின் எனப்படும் மூன்று புரதங்கள். வெள்ளணுவின் மேலுள்ளது எல்-செலெக்ட்டின். சுவரணுவில் தோன்றுபவை பி-செலெக்ட்டினும் இ-செலெக்ட்டினும் ஆகும். பி-செலெக்ட்டின் சுவரணுவின் உள்ளே சிறு உறைகளில் முன்னரே செய்து வைக்கப்பட்டிருக்கின்றது. 1964-இல் வைபெல், பலாடே ஆகிய இருவரும் மின்னணு உருப்பெருக்கியால் கண்ட இவ்வுறைகளுக்கு அவ்விருவரின் பெயரே வழங்குகின்றது. ஹிஸ்டமின் பட்ட சில நிமிடங்களில் இவ்வுறைகள் மேலே எழும்பித் திறக்கின்றன. இ-செலெக்ட்டின் புதிதாகச் செய்யப்பட வேண்டியிருப்பதால் அது மிகுதியாகத் தோன்ற நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகின்றது.

செலெக்ட்டின்கள் பற்றுவது புரதத்தை மட்டுமன்று. வெள்ளணுவின் உறையிலுள்ள புரதங்களின் நுனியில் கிளைத்திருக்கும் சர்க்கரைத் தொடர்களையும் ஆகும். ஃபியூக்கோஸ் என்னும் சர்க்கரை அத்தொடரில் இன்றியமையாத கண்ணி. பிடி ஒவ்வொன்றும் நொடிப் பொழுதே நிலைத்தாலும், ஒன்று விடுமுன் அடுத்தது பற்றுவதால் அணு சுவரின்மேல் உருண்டு செல்கின்றது. இப்பொழுது அதன் வேகம் வினாடிக்குச் சில பத்து மைக்ரான்களே. இப்பிடியின் மற்றொரு வியப்பு 2003-இல் அளந்து காட்டப்பட்டது. ஓரளவு வரை, இழுக்க இழுக்கப் பிடி தளர்வதற்கு மாறாக இறுகுகின்றது. சுருக்கு முடிச்சைப் போல. ஆதலின் இரத்தத்தின் ஓட்டமே வெள்ளணுவைச் சுவரில் பிடித்து வைக்கத் துணைபுரிகின்றது.

இரண்டாம் படியும் மூன்றாம் படியும்: செய்தியும் நிலைகொள்ளலும்

உருளுவதால் மட்டும் பயனில்லை. உருளும் அணு சுவரை மோப்பம் பிடிப்பது போல் சோதித்துச் செல்கின்றது. சுவரணுவின் மேல் ஒட்டியிருக்கும் கீமோக்கைன் என்னும் சிறு புரதங்களே அது தேடும் செய்தி. இவற்றுள் நியூட்ரோபில்லை அழைப்பதில் முதன்மையானது 1987-இல் பிரித்தெடுக்கப்பட்ட இன்டர்லியூக்கின்-8. அதன் இரண்டு ஏற்பிகளும் 1991-இல் அறியப்பட்டன. அவை உறையை ஏழு முறை ஊடுருவிச் செல்லும் பாம்பு போன்ற உருவுடையவை. மனித உடலில் ஏறக்குறைய ஐம்பது கீமோக்கைன்களும் சுமார் இருபது ஏற்பிகளும் உள்ளன. எந்த வெள்ளணு எந்த ஏற்பியை அணிந்துள்ளதோ அதற்கேற்ற அழைப்பே அதற்குக் கேட்கும்.

செய்தி ஏற்பியை எட்டியதும் அணுவின் உள்ளே விரைவான தொடர் மாற்றங்கள் நிகழ்கின்றன. அவற்றின் பயன் இன்டெக்ரின்கள் என்னும் வேறு வகை ஏற்பிகளில் தெரிகின்றது. வெள்ளணு அமைதியாக இருக்கையில் இன்டெக்ரின்கள் முழங்காலை மடக்கி அமர்ந்தவன் போல் வளைந்து கிடக்கின்றன. உள்ளிருந்து கட்டளை வந்தவுடன் அவை நிமிர்ந்து நீளுகின்றன. நுனியிலுள்ள கை விரிகின்றது. அப்பொழுது அவற்றின் பற்றும் ஆற்றல் ஆயிரக்கணக்கான மடங்கு உயர்கின்றது. சுவரணுவின் மேலுள்ள ஐகாம்-1 என்னும் புரதத்தை அவை உறுதியாகப் பிடித்துக்கொள்ள, அணு அசையாது நிற்கின்றது. வெளிச்செய்தியை உள்ளே கொண்டு செல்வதே ஏற்பியின் தொழில் என்பது பொது விதி. இன்டெக்ரினோ உட்கட்டளைக்குப் பணிந்து வெளியே கை நீட்டுகின்றது. இஃது இதன் தனிச் சிறப்பு.

இப்படிகளின் வரிசையை 1991-இல் மைக்கேல் லாரன்ஸ், திமோதி ஸ்பிரிங்கர் ஆகிய இருவரும் எளிய சோதனையொன்றால் நிறுவினர். கண்ணாடித் தட்டில் செயற்கை உறை அமைத்து, அதில் தூய பி-செலெக்ட்டினையும் ஐகாம்-1 புரதத்தையும் பதித்து, அதன்மேல் நியூட்ரோபில்களை இரத்த வேகத்தில் ஓடவிட்டனர். ஐகாம்-1 மட்டும் இருந்தபோது அணுக்கள் நில்லாமல் ஓடின. செலெக்ட்டின் மட்டும் இருந்தபோது உருண்டன, நிற்கவில்லை. இரண்டும் இருந்து, தூண்டும் செய்தியும் சேர்ந்தபோதே உருண்டு பின் நின்றன. மூன்று பூட்டுக்களும் வரிசையாகத் திறந்தாலன்றி வாயில் திறவாது என்பது இதனால் விளங்கிற்று. இன்டெக்ரின்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக ஸ்பிரிங்கர் 2022-ஆம் ஆண்டில் வேறு இருவருடன் லஸ்கர் பரிசைப் பெற்றார்.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று ஐயம் எழலாம். நியூட்ரோபில்லின் உள்ளே கிருமியைக் கொல்லும் நஞ்சுகளும் சதையைக் கரைக்கும் நொதிகளும் நிரம்பியுள்ளன. அது தவறான இடத்தில் இறங்கினால் உடலுக்கே கேடு. ஒரே பூட்டானால் தற்செயலாகத் திறந்துகொள்ளக் கூடும். மூன்று பூட்டுக்களும் ஒரே இடத்தில் தற்செயலாகத் திறப்பது அரிது.

சுவரைக் கடத்தல்

நின்ற அணு தட்டையாகப் படர்ந்து, சுவரணுக்கள் ஒன்றோடொன்று சேரும் பொருத்தை நாடி ஊர்கின்றது. அப்பொருத்தில் பெக்காம்-1 என்னும் புரதம் உள்ளது. வெள்ளணுவின் மேலும் அதே புரதம் இருப்பதால் இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன. இப்புரதத்தை எதிர்ப்பொருளால் மறைத்துவிட்டால், அணு சுவரில் ஒட்டி நிற்குமேயன்றி உட்புகாது என்பது 1993-இல் காட்டப்பட்டது. பெரும்பாலும் வெள்ளணுக்கள் பொருத்தின் வழியே நுழைகின்றன; சில வேளைகளில் சுவரணுவின் உடலையே துளைத்துச் செல்வதும் உண்டு. சுவர் கிழிவதில்லை, கடந்தவுடன் மூடிக்கொள்கின்றது.

வெளியே வந்த அணுவுக்கு இனி இரத்த ஓட்டத்தின் உதவியும் இல்லை, தடையும் இல்லை. அது வாசனையைத் தொடரும் வேட்டை நாய் போல இரசாயனத் தடத்தைத் தொடர வேண்டும். பாக்டீரியங்கள் புரதம் செய்யத் தொடங்குகையில் முதலில் வைக்கும் அமினோ அமிலத்தில் ஃபார்மைல் என்னும் ஒரு தொகுதி சேர்ந்திருக்கின்றது. மனித அணுவின் பொதுப் புரதங்களில் இது இல்லை. ஆதலின் ஃபார்மைல் உள்ள துணுக்குகளை உணரும் ஏற்பி, கிருமி இருக்குமிடத்தை நேரே சுட்டுகின்றது. மனித அணுவிலுள்ள மைட்டோகாண்ட்ரியா மட்டும் இதற்கு விலக்கு. அவையும் பாக்டீரிய முறையிலேயே புரதம் செய்கின்றன. நசுங்கிய அணுவிலிருந்து அவை சிதறும்போதும் நியூட்ரோபில்கள் ஓடி வருகின்றன. கிருமியே புகாத அடிபட்ட இடத்திலும் அழற்சி தோன்றுவதற்கு இஃது ஒரு காரணம்.

அணுவின் முன்புறத்திலும் பின்புறத்திலும் உள்ள ஏற்பிகள் எத்தனை நிரம்பியுள்ளன என்பதை ஒப்பிட்டு அது திசை அறிகின்றது. இரு முனைகளுக்கும் இடையே நூற்றில் ஒரு பங்கு வேறுபாடு இருப்பினும் போதும். செறிவு மிகுந்த பக்கத்தில் ஆக்டின் இழைகள் வளர்ந்து உறையை முன்னே தள்ளுகின்றன; பின்பகுதி சுருங்கி இழுபடுகின்றது. பல அழைப்புக்கள் ஒரே நேரத்தில் வந்தால், வழியிலுள்ள கீமோக்கைன்களின் அழைப்பைத் தள்ளி, பாக்டீரியப் பொருளின் அழைப்பையே அணு ஏற்கின்றது. வழிகாட்டிப் பலகையில் மயங்கி நிற்காமல் ஊர் போய்ச் சேருவதற்கு இத்தகைய முன்னுரிமை இன்றியமையாதது.

பூட்டு ஒன்று இல்லாவிடில்

கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய குழந்தைகளின் நிலையை இப்பொழுது விளங்கிக்கொள்ளலாம். 1980-ஆம் ஆண்டுகளில் இவர்களின் வெள்ளணுக்களைச் சோதித்தபோது, சி.டி.18 என்னும் புரதச் சங்கிலி இல்லாமலோ மிகக் குறைந்தோ இருப்பது தெரிய வந்தது. வெள்ளணுக்களின் முக்கிய இன்டெக்ரின்கள் யாவற்றுக்கும் இச்சங்கிலியே பொதுவான பாதி. அதனைச் செய்யும் ஜீன் 21-ஆம் குரோமோசோமில் உள்ளது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற ஜீனைப் பெற்ற குழந்தைக்கே நோய் தோன்றும். இது வெள்ளணு ஒட்டாக் குறையின் முதல் வகை எனப்படுகின்றது. ஏறக்குறைய பத்து இலட்சம் பிறப்புக்களில் ஒன்றில் இது காணப்படுகின்றது.

இக்குழந்தைகளின் நியூட்ரோபில்கள் சுவரில் உருளுகின்றன. நிற்க மட்டும் இயலவில்லை. ஆதலின் கிருமி நோய் வருந்தோறும் இரத்தத்தில் வெள்ளணுக்கள் தேங்கிப் பெருகுகின்றன; ஒரு கன மில்லி மீட்டருக்கு ஓர் இலட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. முதற்குறி பெரும்பாலும் கொப்பூழில் தோன்றுகின்றது. பொதுவாக ஓரிரு வாரங்களில் உலர்ந்து உதிரும் கொப்பூழ்க் கொடி, இக்குழந்தைகளுக்கு மூன்று நான்கு வாரங்கள் கடந்தும் உதிராமல் அழற்சியுற்று நிற்கின்றது. பின்னர் தோலிலும் ஈறுகளிலும் ஆறாத புண்கள் தோன்றுகின்றன. அவற்றில் சீழ் இருப்பதில்லை. நோய் கடுமையாயின், எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை கிடைக்காத குழந்தைகளில் பலர் இரண்டு வயது நிறையுமுன் இறந்துபடுகின்றனர்.

இரண்டாம் வகை 1992-இல் இஸ்ரேலில் இரு சிறுவர்களிடம் கண்டறியப்பட்டது. இவர்களின் இன்டெக்ரின்கள் செம்மையாக இருந்தன. ஃபியூக்கோஸ் சர்க்கரையை மூலக்கூறுகளில் சேர்க்கும் ஆற்றலே இல்லை. ஆதலின் செலெக்ட்டின் பற்றுவதற்குரிய சர்க்கரைத் தொடர் அமையவில்லை. வெள்ளணு உருளவே இல்லை. இவர்களின் இரத்தப் பிரிவு, 1952-இல் பம்பாயில் பெண்டே முதலியோர் கண்டறிந்து உலகுக்கு அறிவித்த அரிய 'பம்பாய்' பிரிவாக இருந்தது குறிப்பிடத்தக்கது. அப்பிரிவின் அடையாளமும் ஃபியூக்கோஸ் இல்லாமையே ஆகும். ஆயின் பம்பாய்ப் பிரிவு இரத்தமுடைய ஏனையோர் இதைக் கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. அவர்களிடம் சிவப்பணுவின் ஒரு தொடரில் மட்டுமே ஃபியூக்கோஸ் சேருவதில்லை. வெள்ளணுவின் தொடர்கள் குறையின்றி உள்ளன.

மூன்றாம் வகையில் செலெக்ட்டினும் உண்டு, இன்டெக்ரினும் உண்டு. ஆனால் உள்ளிருந்து வரும் கட்டளையை இன்டெக்ரினுக்கு எட்டச் செய்யும் கிண்ட்லின்-3 என்னும் புரதம் பழுதுற்றுள்ளது. கை இருந்தும் நீட்ட இயலாத நிலை. இரத்தத் தட்டணுக்களுக்கும் இப்புரதம் தேவையாதலால் இவர்களுக்கு இரத்தக் கசிவு நோயும் சேர்ந்து வருகின்றது.

உருளுதல், கட்டளை, நிலைகொள்ளல் ஆகிய மூன்று படிகளுக்கும் ஒவ்வொரு நோய் இவ்வாறு சான்றாக நிற்கின்றது. ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டில் காட்டியதை இயற்கை துன்பத்தின் வாயிலாகக் காட்டிவிட்டது எனலாம்.

இந்தியாவிலும் முதல் வகை நோயுற்ற குழந்தைகள் கண்டறியப்பட்டுள்ளனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த மும்பை தேசிய இம்யூனோஹெமட்டாலஜி நிலையத்தில் இக்குறையைப் பற்றி ஆராய்ச்சி நடைபெற்றுள்ளது. சில துளி இரத்தத்தை எடுத்து, வெள்ளணுக்களின் மேல் சி.டி.18 உள்ளதா என்று ஒளிரும் எதிர்ப்பொருளால் சோதித்தால் ஒரே நாளில் விடை கிடைத்துவிடும். கொப்பூழ்க் கொடி தாமதமாக உதிர்வது மட்டும் நோயின் அடையாளமன்று. நலமுள்ள குழந்தைகளிடமும் அது நேர்வதுண்டு. அதனுடன் கொப்பூழில் அழற்சியும், அடிக்கடி கிருமி நோயும், வெள்ளணு மிகுதியும் சேர்ந்து காணப்படுமாயின், குழந்தையை மருத்துவ மனையில் காட்டுவதில் காலம் தாழ்த்தலாகாது. மஜ்ஜை மாற்றுதல் எவ்வளவு விரைவில் நடைபெறுகின்றதோ அவ்வளவுக்குப் பயன் மிகுதி. குழந்தையின் சொந்த மஜ்ஜையணுக்களிலேயே நல்ல ஜீனைப் புகுத்தித் திரும்பச் செலுத்தும் முறையும் அண்மை ஆண்டுகளில் சோதிக்கப்பட்டு நம்பிக்கை தரும் பயனை அளித்துள்ளது.

கதவை அடைக்கும் மருந்துகள்

வெள்ளணு வாராமை ஒரு கேடானால், வேண்டாத இடத்திற்கு வருவது மற்றொரு கேடு. மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளின் மேலுறையை வெள்ளணுக்கள் அரித்துவிடும் நோய் ஒன்று உண்டு. இதனை மல்டிப்பிள் ஸ்கிளிரோசிஸ் என்பர். இதில் மூளைக்குள் நுழையும் நிணவணுக்கள் ஆல்ஃபா-4 என்னும் சங்கிலியையுடைய இன்டெக்ரினைக் கொண்டே சுவரைப் பற்றுகின்றன. இச்சங்கிலியை எதிர்ப்பொருளால் மறைத்தால் விலங்குகளில் நோய் தடைப்படுவது 1992-இல் காட்டப்பட்டது. அதன் வழியே உருவான நடாலிசுமாப் என்னும் மருந்துக்கு அமெரிக்காவில் 2004-இல் அனுமதி கிடைத்தது. ஆனால் மூன்றே மாதங்களில் அது திரும்பப் பெறப்பட்டது. மருந்து பெற்ற சிலருடைய மூளையில், பெரும்பாலானோர் உடலில் தீங்கின்றி உறங்கிக் கிடக்கும் ஜே.சி. என்னும் வைரஸ் தலையெடுத்து மூளையைச் சிதைத்தது. காவலர் நுழையும் கதவையும் மருந்து அடைத்துவிட்டதே காரணம். கடும் கண்காணிப்பு விதிகளுடன் 2006-இல் அம்மருந்து மீண்டும் வழக்கத்திற்கு வந்தது. காளாஞ்சகப்படை என்னும் தோல் நோய்க்காக 2003-இல் அனுமதிக்கப்பட்ட எஃபாலிசுமாப், வெள்ளணுவின் மற்றோர் இன்டெக்ரினைத் தடுப்பது. அதுவும் இதே மூளை நோயால் 2009-இல் கைவிடப்பட்டது.

இதிலிருந்து கற்ற பாடம் யாதெனில், எல்லாக் கதவுகளையும் அடைக்காமல் ஒரு தெருவின் கதவை மட்டும் அடைக்க வேண்டும் என்பதே. குடலை நாடும் நிணவணுக்கள் ஆல்ஃபா-4, பீட்டா-7 என்னும் இரு சங்கிலிகள் இணைந்த இன்டெக்ரினை அணிந்துள்ளன. அதற்கேற்ற பிடி பெரும்பாலும் குடலின் நுண்சிரைகளிலேயே உள்ளது. இவ்விணைப்பை மட்டும் தடுக்கும் வெடோலிசுமாப் 2014-இல் குடல் அழற்சி நோய்களுக்காக அனுமதிக்கப்பட்டது. மூளையின் காவலை அது பெரிதும் குலைப்பதில்லை.

அழற்சி தணிதல்

நலமுள்ள உடலில் இம்மருந்துகள் இன்றியே கதவு தானாக அடைபடுகின்றது. நெடுநேரம் செய்தி கேட்ட ஏற்பிகள் உறைக்குள் இழுத்துக்கொள்ளப்படுவதால் நியூட்ரோபில் செவிடாகி நின்றுவிடுகின்றது. ஓரிரு நாட்களில் அது தானே மடிகின்றது. சுமார் ஒரு நாள் கழித்து வேறு கீமோக்கைன்களின் அழைப்பால் வந்து சேரும் ஒற்றையணுக்கள் பெருவிழுங்கணுக்களாகி, மடிந்தவற்றை விழுங்கித் துப்புரவு செய்கின்றன. 1984-இல் அறியப்பட்ட லிப்பாக்சின் முதலிய கொழுப்புப் பொருள்கள், தமக்குரிய ஏற்பிகளின் வாயிலாகப் புதிய நியூட்ரோபில்களின் வரவை நிறுத்துகின்றன. அழைப்பதற்கு ஏற்பிகள் இருப்பது போன்றே, போதும் என்று சொல்வதற்கும் ஏற்பிகள் உள்ளன.

முள் தைத்த பாதம் சில நாட்களில் ஆறிவிடுகின்றது. சிவப்பும் வீக்கமும் வடிந்து, சீழும் வெளியேறி, புதுத்தோல் மூடுகின்றது. நடந்தவர் அதனை மறந்தும் விடுகின்றார். ஆனால் அந்தச் சிறு புண் ஆறுவதற்குள், பல்லாயிரம் வெள்ளணுக்கள் வெள்ளத்தில் உருண்டு, செய்தி கேட்டு, கை நீட்டி, சுவர் கடந்து, தடம் பற்றிச் சென்றிருக்கின்றன. அவற்றுள் ஒரு படி தவறியிருப்பினும் அப்புண் ஆறியிராது.